ஹைக்கேயின் எதிர்காற்று

ஹைக்கே 2002இல் பந்தயங்களிலிருந்து விலகியபோது சைக்கிளைக் கழகத்திடம் திருப்பிக் கொடுத்தாள். எதிர்காற்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முகத்துக்கு நேரே வீசியது. ஜெர்மனியின் தெருப் பந்தயங்களிலும் உள்ளரங்கத் தடங்களிலும் அவளுடைய வேலை, அணிக்கு முன்னால் போய்க் காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. கடைசி வளைவில் அவள் விலகுவாள்; பின்னால் களைக்காமல் வந்தவர்கள் வெல்வார்கள். வெற்றிப் படங்களின் ஓரத்தில் சில தடவை அவளது முழங்கை விழுந்திருக்கிறது.

டோர்ட்முண்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய கணேஸ்வரனை அவள் மணந்திருந்தாள். அடுத்த வருடம் இருவரும் லண்டனுக்கு வந்து ஃபாரஸ்ட் கேட்டில் வீடு எடுத்தார்கள். காற்றும் வந்தது. அவள் சமைக்க நின்றால் காஸ் அடுப்பு அணைந்தது, மின்னடுப்பு வாங்கினார்கள். 2005இல் கணேஸ்வரனின் நுரையீரல் சுருங்கத் தொடங்கியது. வாசலுக்குப் போகவே மூச்சு வாங்கியது. ஆனால் மனைவியின் முதுகுக்குப் பின்னால் காற்றில்லாத ஓர் இடம் இருந்தது. அதற்குள் நடந்தால் அவனால் கிரீன் ஸ்ட்ரீட் வரை போக முடிந்தது. அன்றிலிருந்து அவள் முன்னும் அவன் பின்னுமாகவே போனார்கள். எதிர்வீட்டுக் கனகவல்லி, "ஜெர்மன்காரி மனுசனை விட்டிட்டு ஓடுறாள்" என்று கோயிலில் சொன்னாள்.

2008 மாசியில் ஒரு காலை கணேஸ்வரன் தெருவில் நின்றுவிட்டான்.

"ஒருக்காப் பக்கத்தில வாரும்."

"ஏலாது. உங்களுக்குக் காத்து அடிக்கும்," என்றாள், அவனிடமே கற்ற தமிழில்.

"அடிக்கட்டும். உம்மட முதுகைப் பாத்துப் பாத்தே மூண்டு வருசம் போச்சு."

அவள் நின்றாள். சந்தி வரை கைகோத்து நடந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். காற்றில் அவன் கண்கள் நீராய் வழிந்தன. அந்தக் கிழமையே மருத்துவமனையில் இறந்துபோனான்.

தான் நின்றிருக்கக் கூடாது என்று ஹைக்கே நினைத்தாள். மாதக்கணக்கில் வெளியே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவரிலிருந்தும் காற்று வந்தது.

குளிர் தொடங்கியதும் கனகவல்லி வந்து கதவைத் தட்டினாள். அவளுக்கும் இப்போது நெஞ்சு சரியில்லை.

"பிள்ளை, கடைப்பக்கம் போறீரோ? நானும் பின்னால வாறன். மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

ஹைக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

இப்போது குளிர்காலக் காலைகளில் முதியவர்களும், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்த தாய்மாரும் அவள் பின்னால் வரிசையாகப் போகிறார்கள். அவர்களுக்காக அவள் மெதுவாக நடக்கிறாள். பக்கத்தில் மட்டும் ஒருவரையும் வர விடுவதில்லை.