மூன்றாவது தடவை

"உள்ளே வராதேம்மா" என்று கெஞ்சியிருந்தேன். அம்மா வரவில்லைதான். ஆனால் காபிக் கடைக்கு நேர் எதிரே தான் வேலைக்கு ஓட்டும், சாலைப் பனி தள்ளும் வண்டியை, தலைமேல் மஞ்சள் விளக்கு சுழல நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற எங்கள் டுலூத் ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். இதற்கு உள்ளேயே வந்திருக்கலாம்.

"காபி வேணுமான்னு கேட்டா உடனே மண்டையை ஆட்டாதடி. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு, மூணாவது தடவை வாங்கிக்க" என்று சொல்லித்தான் இறக்கிவிட்டாள். எங்கள் ஊர் மரியாதை அது.

மிஸ்டர் நைஸ்ட்ரம் பல் டாக்டர். நான் விண்ணப்பித்திருந்த, கிழக்கே இருக்கிற கல்லூரியின் பழைய மாணவர். எங்கள் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, ஆள் எப்படி என்று கல்லூரிக்கு எழுதி அனுப்புவார். சம்பளம் கிடையாது, வெறும் பாசம். கணக்கில் என் மதிப்பெண் உதைத்தது. இவர் நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் எனக்கு அங்கே இடம்.

அவர் மகன் டோபி, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என் கூட்டாளி. "நானும் அப்பா காலேஜுக்குத்தான் அப்ளை பண்ணிருக்கேன். அவருக்குத் தெரியாது. அவர் பேரை எங்கேயும் போடல. அப்பாவாலதான் கிடைச்சுதுன்னு எந்த நாயும் சொல்லக் கூடாது" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

இதில் எனக்கு வந்த வினை என்னவென்றால், சொந்தப் பிள்ளை விண்ணப்பிக்கிற வருஷத்தில் பெற்றவர் யாரையும் பேட்டி காணக் கூடாது. கல்லூரி எனக்கு அனுப்பிய மின்னஞ்சலிலேயே அந்த விதி இருந்தது. நான் வாயைத் திறந்தால் என் பேட்டி செல்லாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையாக இருப்பதாக உத்தேசமில்லை.

"காபி?" என்றார் மிஸ்டர் நைஸ்ட்ரம்.

"வேண்டாம் சார்."

"சூடா ஒண்ணு குடிக்கலாமே?"

"பரவாயில்ல சார்."

"வெளியே இந்தக் குளிரு குளிருது..."

"சரி சார், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா."

மாமாவோடு உறைந்த ஏரிமேல் துளை போட்டு மீன் பிடிக்கப் போய், அங்கே போட்டிருந்த குடிசைக்குத் தீ வைத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார், எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன், பல் தெரியாமல்.

"டோபி உன் கிளாஸ்தானே?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பள்ளிப் பாடகர் குழுவில் நான் பாடுகிற பேச்சுக்குத் தாவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க காலேஜ் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறான். உன்கிட்ட ஏதாவது சொன்னானா?" என்றார்.

"அவன் அதிகம் பேச மாட்டான் சார்." பொய்யில்லை.

கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "இனி நீ என்னைக் கேக்கணும். அதுதான் வழக்கம்."

நூலகத்தைப் பற்றி ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. கோப்பையை உருட்டிக்கொண்டே, "சின்ன வயசுல அந்தக் காலேஜ் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டான். இப்ப அது நாய் படுக்கையில கிடக்கு. என்னைப் பார்த்தா அவனுக்கு வெட்கமாம்மா? உனக்குத் தெரியுமா?" என்றார்.

எங்கள் ஊர் ஆண்கள் இப்படியெல்லாம் பேசவே மாட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டோபி மேல், இவர் மேல், அந்த விதியை எழுதிய புண்ணியவான் மேல்.

"டோபி அப்ளை பண்ணியிருந்தா, நீங்க இப்ப இங்க உக்காந்திருப்பீங்களா சார்?"

"மாட்டேன். கூடாதே..." என்றவர் நிமிர்ந்தார். "பண்ணியிருக்கானா?"

"உங்க பேரைச் சொல்லாம. சொந்தமா வாங்கணுமாம்."

அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். காகிதக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கழுதை! என்னைப் போலவே திமிர்!" பிறகு தான் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது.

"உன்னைப் பத்தி இனி நான் ஒரு வரிகூட எழுதி அனுப்ப முடியாதேம்மா. இங்க பேட்டி எடுக்க வேற ஆளும் இல்ல."

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"மூணு தடவை கேட்டுட்டீங்களே."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எழுத முடிஞ்சா, முதல் வரியா நீ இப்ப செஞ்சதைத்தான் எழுதியிருப்பேன்" என்றார்.

வண்டியில் ஏறினேன். அம்மா விளக்கை அணைத்தாள்.

"எப்படிடி போச்சு?"

"நல்லாத்தான்."

"நிஜமா? எப்படிப் போச்சு?"

"ஒண்ணும் குறையில்லம்மா."

அவள் மூன்றாவது தடவை கேட்பதற்குள் அழுதுவிட்டேன்.