றஸ்னா தாண்டிய சொல்

பின்னேர அஸர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு பின்மதிலுக்கு மேலால் ஒரு தலை எழும்பியது.

"ரெடியா?"

"மெதுவாக் கதை. மாமி ஹோலுக்குள்ள இரிக்கிறா."

பக்கத்து வீட்டு றஸ்னா, கவிழ்த்த மீன் பெட்டியில் ஏறி நின்றாள். இந்தப் பக்கம் கிணற்றடியில் ஸில்மியா. அவள் கணவன் முனாஸ் பொத்துவில் வீதியில் லொறி மோதி மௌத்தாகி மூன்றாவது மாதம். இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் தவணை முடியும்வரை தக்க தேவையின்றி வாசல் தாண்டக்கூடாது. துக்க வீட்டுக்குள் புத்தகத்தோடு வந்து இருந்தால் ஊர் கதைக்கும். அதனால்தான் மதில்.

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கான அனுமதிப் பரீட்சை சனிக்கிழமை. ஸில்மியாவுக்கு வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. விட்டால் அவ்வளவுதான். எடுக்கப்போவதோ கொஞ்சப் பேரை. போட்டியில் றஸ்னாவும் ஒருத்தி.

"தாய் தகப்பன் இல்லாத புள்ள?"

"ஓர்பன்."

"கலியாணம் முடிக்காத ஆம்புள?"

"பெச்சலர்."

அடுத்த வரியில் றஸ்னாவுக்கு இருமல் வந்தது. எப்போதும் அந்த இடத்தில்தான் வரும். இருமி முடித்ததும் ஒரு சொல் தள்ளித் தொடங்குவாள். அது என்ன சொல் என்று ஸில்மியா கேட்டதில்லை. இலக்கணத்திலும் இதே கூத்துத்தான். புத்தகத்தில் 'மை ஹஸ்பன்ட்' என்று வருவதெல்லாம் றஸ்னாவின் வாயில் 'மை அங்கிள்' ஆகிவிடும்.

"உன்ட அங்கிளுக்கு எத்தின வேலடி? பேங்க்ல இரிக்கிறார், லண்டன் போறார், தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறார்..."

"பேசாம பாஸ்ட் டென்ஸ்ல சொல்லு!"

"யாரோட கதைக்கிறாய், மகள்?"

மதிலுக்கு மேலிருந்த தலை சட்டென்று மறைந்தது. மீன் பெட்டி உருளும் சத்தம்.

குசினி வாசலில் மாமி சுபைறா. முனாஸின் உம்மா. சாய்ந்தமருதிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து, மருமகளோடு இருந்து மகனுக்காக யாஸீன் ஓதிவிட்டுப் போகிறவள்.

பொய் சொல்ல ஸில்மியாவுக்கு வாய் வரவில்லை.

"சனிக்கிழம சோதின, மாமி. கல்முனையில. றஸ்னா சொல்லித் தாறா."

மாமி மதிலைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸில்மியா மதிலடிக்குப் போனாள்.

"நான் வரல்ல, றஸ்னா. நீ போ."

"விசரா உனக்கு?"

"மாமிக்கு மனசு உடைஞ்சிட்டு. மகன் மௌத்தாகி மூணு மாசத்தில மருமகள் இங்கிலீசு படிக்கிறாள் எண்டு நினைச்சிருப்பா. அவட மனச நோகடிச்சிட்டு எனக்கு உத்தியோகம் வேணாம்."

றஸ்னா வாதாடிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். ஸில்மியா அசையவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. கேற்றில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நான்கு பக்கமும் திரை. கதவைத் திறந்த ஸில்மியா திகைத்தாள். அபாயா போட்டு, கையில் பிளாஸ்க்கோடு மாமி.

"இன்னும் உடுக்கல்லயா? ஐடென்டிட்டி கார்ட் எங்க?"

"மாமி... நீங்க கோவமா..."

"கோவமா? நீ போகலாமா எண்டு மௌலவிட்டக் கேக்கக் காத்திருந்தன். அவரு கொழும்புக்குப் போயிட்டாரு. ராவுதான் வந்த. தேவைக்குப் பகல்ல போகலாமாம், பொழுது பட முந்தி, மஃரிபுக்கு முந்தி வீட்ட வந்திரணுமாம்."

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, மாமி?"

"இதெல்லாம் போன்ல கேக்கிற விசயமா?" மாமி முறைத்தாள். பிறகு குரல் இறங்கியது. "'என்ட ஆள் டீச்சராகப் போறா' எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் முனாஸ், மகள். அவன்ட கதை பொய்யாகப் படாது. ஏறு. ஊரு கேட்டா நான் பதில் சொல்றன்."

பரீட்சை மண்டபம். றஸ்னாவுக்கு இரண்டு வரிசை பின்னால் ஸில்மியா. காலம், முன்னிடைச்சொல், எதிர்ச்சொல் எல்லாம் ஓடின. ஒரு பக்கத்தைத் திருப்பினாள். பேனை நின்றது.

கணவனை இழந்த பெண். ஒரே சொல்லில் தருக.

இதுதானா? இதற்குத்தானா அத்தனை இருமலும்?

முன்னால் ஒரு தலை திரும்பியது. றஸ்னாவின் கண்கள் நேராக ஸில்மியாவின் முகத்தில்.

"அந்தப் புள்ள! முன்னுக்குப் பாருங்க! இன்னொருக்காத் திரும்பினா வெளிய அனுப்புவன்!" மேற்பார்வையாளர் அதட்டினார்.

எழுத்துகள் கலங்கின. ஸில்மியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விடோ. எழுதினாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

வெளியே வாகை மர நிழலில் அதே ஆட்டோ. வெக்கைக்கு மாமியின் முகம் சிவந்திருந்தது. காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம்.

றஸ்னா ஓடி வந்து ஸில்மியாவின் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கேள்வி... எழுதினயா?"

"எழுதின. நீ?"

றஸ்னா தலையைக் குனிந்தாள். "சும்மா விட்டுட்டன். கை வரல்லடி."

"பைத்தியக்காரி! ஒரு புள்ளி போச்சே! ஒரு புள்ளியிலதான் ஆளத் தள்ளுவானுகள்!"

"போகட்டும்."

"இனி மதிலுக்கு வா, ஒனக்கு மண்டையில குட்டிச் சொல்லித் தாறன்..." முடிக்க முடியாமல் ஸில்மியா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?" ஆட்டோவின் திரையை விலக்கிப் பிடித்தபடி மாமி கேட்டாள். "எதெண்டாலும் உள்ளுக்கு வந்து செய்யுங்க. தேத்தண்ணி ஆறுது."