தொண்ணூற்றாறு வாங்கிய பீரோ

சுகந்தமணியின் குழுவில் மூன்று பேர். சுகந்தமணி, வங்கியில் வேலை பார்க்கும் ஜெபசிங், அப்புறம் ஒரு பீரோ.

சாம்பல் நிற இரும்பு பீரோ. ஆறரை அடி உயரம், வலது கதவில் கண்ணாடி. வருகைப் பதிவேட்டில் அதற்கு வரிசை எண் பதினேழு. கோயம்புத்தூரில் சனி ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் இரண்டு வருட முதுகலைப் படிப்பு அது. ‘வணிக உத்தியும் நிறுவனத் தலைமையும்’ என்று பெயர். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள்தான் அங்கே சேருவார்கள். பீரோவும் எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து யாரும் விசாரிக்கவில்லை.

அது பீரோவாக இருப்பதில் சுகந்தமணிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது அவரவர் சொந்த விஷயம். வேலை செய்யாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடைசிப் பருவத்தில் ஒரு குழு வேலை கொடுத்தார்கள். நொடித்துப்போன தொழிற்சாலை ஒன்றைத் தூக்கி நிறுத்தத் திட்டம் போட வேண்டும். எண்பத்து நான்கு ஸ்லைடுகள். எண்பத்து நான்கையும் சுகந்தமணியே போட்டாள். “பாத்துக்கலாங்க்கா” என்று ஜெபசிங் சொல்லிக்கொண்டே இருந்தான். பீரோ அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, வகுப்பில் இருந்த கம்ப்யூட்டர் முதல் விளக்குமாறு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். போனால் போகிறது என்று சுகந்தமணி பீரோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் பூவைச் சுற்றிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேராசிரியர் தணிகாசலம் அதை ‘அவர்’ என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். வினையை நம் கையாலேயே இழுத்து விட்டுக்கொண்டோமே என்று அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

திட்டத்தை விளக்குகிற நாளில் பீரோவை நடுவில் நிறுத்தினார்கள். சுகந்தமணி ஓரமாக நின்று ஐம்பது நிமிடம் பேசினாள். பேராசிரியர் பீரோவைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்.

“போட்டிக் கம்பெனிக்காரன் பாதி விலைக்கு எறங்கிட்டா என்ன பண்ணுவீங்க?”

பீரோ பதில் சொல்லவில்லை. சுகந்தமணி வாயைத் திறந்தாள்.

“நீங்க இருங்கம்மா. அவர் யோசிக்கிறார்.”

வகுப்பு முழுவதும் பதினொரு நிமிடம் காத்திருந்தது. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைமைப் பண்புக்கான மதிப்பெண் வந்தது. பீரோவுக்குத் தொண்ணூற்றாறு. ஜெபசிங்குக்கு எழுபது. சுகந்தமணிக்கு முப்பத்தொன்று. ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. ‘எல்லா வேலையையும் தானே செய்து மற்றவர்களின் வளர்ச்சியைத் தடுத்தார்’ என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தது.

என்ன அநியாயம் இது! அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. பதினேழு வருடமாக ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடுகிறாள். அங்கே ஆலை மேலாளர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. “பட்டத்தை வாங்கிட்டு வாங்க மேடம், சீட்டு உங்களுக்குத்தான்” என்று எம்.டி. சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் வீட்டில் மதியம் சாப்பிட்டதில்லை.

ஜெபசிங்கைப் பிடித்தாள். குழுவில் ஒருவருக்கு ஒருவர் போடும் மதிப்பெண்தான் பாதி.

“ஏம்ப்பா, எனக்கு ஏன் கொறைச்சுப் போட்ட?”

“உங்களுக்குப் போடலாம்னுதாங்க்கா பேனாவ எடுத்தேன். ஆனா நீங்க மூணு தடவ கேட்டுட்டீங்க. அவர் ஒரு தடவகூடக் கேக்கல. கேக்காதவங்களுக்குத்தானுங்க்கா குடுக்கோணும்.”

“நீ ஒரு ஸ்லைடாவது போட்டியா?”

“இல்லீங்க்கா. அதான் எனக்கு எழுபது.”

மறுமதிப்பீட்டு ஜன்னல் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. மதிப்பெண் குறையக் குறையத் தாழ்வாரம் நீளும். அது அந்தக் கல்லூரியின் விதி. தொண்ணூறு வாங்கியவர்களுக்கு நாலு எட்டு நடந்தால் போதும். முப்பத்தொன்றுக்கு அவள் முக்கால் மணி நேரம் நடந்தாள். வழியில் இரண்டு டீக்கடைகள் இருந்தன. ஒன்றில் வடை ஆறிப்போயிருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் பியூலா என்ற அலுவலர் அவள் நீட்டிய மறுமதிப்பீட்டுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தலைவர் கையெழுத்து இல்லீங்களே.”

“தலைவர் யாருங்க?”

“உங்க பீரோ.”

“அதும் மேலதாங்க என் புகாரே. அதுகிட்டயே போய்க் கையெழுத்து வாங்கோணுமா?”

“அவரே தப்புன்னு ஒத்துக்கிட்டா எங்களுக்கும் சுலபம் பாருங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று சுகந்தமணி மூச்சை இழுத்தாள். ஜன்னல் அதற்குள் சுவராகிவிட்டது. சாப்பாட்டு நேரம்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் ஒரு லாரி நின்றது. லோடுமேன்கள் நாலு பேர் பீரோவை இறக்கி, ஆலை மேலாளர் அறைக்குக் கொண்டுபோனார்கள். நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவள் வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை.

அவள் நேராக எம்.டி. அறைக்குள் போனாள்.

“சார், இது அக்கிரமம். அது ஒரு வேலையும் செய்யாதுங்க.”

எம்.டி. பழனிவேலப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோவப்படாதீங்க மேடம். நீங்க வேலை செய்யறவங்க. உங்கள மேலாளரா போட்டுட்டா அந்த வேலைய யாரு செய்யறது? அவரைப் போட்டா அந்தச் சிக்கலே இல்ல பாருங்க.”

“பதினேழு வருசமுங்க சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

சுகந்தமணி படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பீரோவின் சாவி முதல் நாளிலிருந்தே அவள் கைப்பையில்தான் இருந்தது. ‘பொறுப்பான ஆளு நீங்கதாங்க்கா’ என்று ஜெபசிங் கொடுத்தது. இத்தனை நாளில் திறந்து பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

திறந்தாள். தட்டுத் தட்டாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் லேப்டாப். மொத்தம் முப்பத்தெட்டு பேர்.

“கதவச் சாத்துங்க, ஸ்கிரீன் தெரியல” என்றாள் நடுத்தட்டில் இருந்தவள். மெஹர்பானு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அதே படிப்பில் தலைமைப் பண்பில் இருபத்தெட்டு வாங்கியவளாம்.

“நீங்கள்லாம் இங்க என்ன பண்றீங்க?”

“கையெழுத்து வாங்க வந்தோமுங்க. அவருக்கு ஏதுங்க கை? நாங்கதான் போடோணும். உள்ள உக்காந்து வேலை செய்யறவங்கதான் போடலாம்னு விதி. அப்படியே வேலை நெறைய வந்துருச்சு.” மூன்றாம் தட்டில் ஒரு காலி இடத்தைக் காட்டினாள். அங்கே ஒரு தலையணையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. சுகந்தமணியின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“ஏனுங்க, உங்களுக்கெல்லாம் சூடு சொரணையே கெடையாதுங்களா?”

“இருந்துச்சுங்க. அடித்தட்டுல வெச்சிருக்கோம்.”

அந்தத் தலையணையைப் பார்க்கப் பார்க்க சுகந்தமணிக்கு ஆத்திரமாக வந்தது. அழுகைகூட வந்தது. வந்த அழுகையை அவள் மெனக்கெட்டு விழுங்கினாள்.

“எல்லாரும் வெளிய வாங்க.”

“நாங்க வந்துட்டா அவருக்குள்ள ஒண்ணுமே இருக்காதுங்களே.”

“இல்லாமப் போகட்டும்.”

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அடித்தட்டில் குனிந்து அவரவருடையதைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். மெஹர்பானுவுடையது நல்ல கனம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் தட்டாமல் எம்.டி. உள்ளே வந்தார். முப்பத்தொன்பது பெண்களையும், விரியத் திறந்து கிடந்த வெறும் பீரோவையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா! ஒரு ஒளிவுமறைவு இல்ல மனுசங்கிட்ட.” பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினோரு மணிக்கு போர்டு மீட்டிங். ஸ்லைடு எங்கீங்க?”

யாரும் அசையவில்லை. அவர் வழக்கம்போல சுகந்தமணியைப் பார்த்தார். அவள் பீரோவைக் கையால் காட்டினாள்.

“அவரைக் கேளுங்க சார்.”

எம்.டி. பீரோவிடம் கேட்டார். பீரோ பதில் சொல்லவில்லை.

“யோசிக்கிறார்” என்றாள் சுகந்தமணி.

எம்.டி. மரியாதையாகக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பதினொரு மணி ஆயிற்று. போர்டு உறுப்பினர்கள் ஆறு பேரும் வந்து அவருக்குப் பின்னால் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். அன்றைய உற்பத்தித் திட்டம் வராததால் வெளியே பட்டறையில் ஒவ்வொரு இயந்திரமாக நிற்கிற சத்தம் கேட்டது.

மூலையில் தள்ளிவிட்டிருந்த மேலாளர் நாற்காலியை சுகந்தமணி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு பேரும் சுற்றிலும் தரையில் உட்கார்ந்தார்கள். படிவத்தை மடியில் விரித்தாள். ‘தலைவர் கையெழுத்து’ என்ற கட்டத்தில், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, தன் பெயரை முழுதாக எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த கையெழுத்தைப் போடச் சொல்லிப் படிவத்தையும் பேனாவையும் மெஹர்பானுவிடம் கொடுத்தாள்.