ஆள் நிற்காத வரிசை

ஜனவரி பிறந்தால் எங்கள் மலையூர் கயாம்பேயில் ரோஜாத் தோட்டங்களுக்குள் ஆள் பிடிக்கிற சண்டை தொடங்கிவிடும். காதலர் தினத்துக்கு ஊர் உலகமெல்லாம் எங்கள் பூவைக் கேட்கும். பக்கத்துத் தோட்டத்து வேன் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்து, சம்பளம் கூட, மதியச் சாப்பாடு இலவசம் என்று கூவும்.

பூக்கட்டும் கூடத்தில் இரண்டு வரிசை. ஒன்றுக்கு எடில்மா மேற்பார்வை, மற்றதற்கு சொய்லா. நான் எடில்மாவின் வரிசை. திங்கட்கிழமை தோறும் எங்கள் பக்கம் ஒரு மேஜையாவது காலியாகிவிடும். சொய்லாவின் பக்கம் ஒருத்தியும் அசைய மாட்டாள். இத்தனைக்கும் சம்பளம் ஒன்று, விரல் விறைக்கும் குளிரும் ஒன்று.

எடில்மாவுக்கு அது தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொய்லாவுக்கு முள் சீவக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். வாராந்தரக் கூட்டத்தில், தோட்டத்தை நடத்தும் இன்ஜினியர் பர்ரகான், ஆள் போகாமல் நிறுத்தி வைப்பது எப்படி என்று சொய்லாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி எல்லோர் முன்னாலும் எடில்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எடில்மாவின் கண் எங்கள் மேல் இல்லை, எதிர் வரிசை மேல்தான். சொய்லா யாரிடமாவது குனிந்து பேசினால், என்ன பேசினாள் என்று எங்களை விசாரிப்பாள். அங்கே சிரிப்பு கேட்டால் இங்கே அதட்டல் விழும்.

சொய்லா குள்ளமான பெண்களுக்கு நிற்கப் பலகை போட்டுக் கொடுத்திருந்தாள். மறுநாள் எங்கள் எல்லோர் காலடியிலும் பலகை. நெடுநெடுவென்று வளர்ந்த கார்மித்தா அதன்மேல் ஏறி நின்று நாள் முழுக்க இடுப்பொடிய வேலை செய்தாள். தன் பெண்களின் பிறந்தநாளுக்கு சொய்லா பிஸ்கோச்சோ ரொட்டி வாங்கி வருவாள் என்று தெரிந்ததும் எடில்மா ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். "தின்னுட்டு ஓடிப்போயிடாதீங்க" என்றாள். தின்றோம். திங்கட்கிழமை இரண்டு பேர் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் பக்கத்துத் தோட்டத்து மேலாளரோடு சொய்லா வாசலில் நின்று பேசுவதை எடில்மா பார்த்துவிட்டாள். நேராக இன்ஜினியரிடம் போய், சொய்லா தன் வரிசையையே கிளப்பிக்கொண்டு போகப்போகிறாள் என்று வத்தி வைத்துவிட்டாள். இன்ஜினியர் வாயில் எதுவும் தங்காது. கூடத்துக்குள் வந்து எல்லோரும் கேட்கவே விசாரித்தார்.

சொய்லா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"கூப்பிட்டது உண்மை, இன்ஜினியர். மாட்டேன்னுட்டேன். இவங்கள்ல நாலு பேரையாவது மேற்பார்வைக்கு ஏத்தி விடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்க அதச் செய்யிற வரைக்கும் நான் எங்க போறது?"

இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். யார் சொன்னது என்று சொய்லா கேட்கவில்லை. அவள் வரிசை மொத்தமும் எடில்மாவைத் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு சொய்லா எடில்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரியில் எங்கள் பக்கம் பாதி மேஜை காலி. பூ வாளியிலேயே தலை தொங்கியது. ஓர் ஆளைக் கொடுத்து உதவும்படி இன்ஜினியர் சொய்லாவைக் கேட்டார். அவள் தன் பெண்களிடம், "அங்க ஆள் வேணுமாம். அவளுக்காகக் கேக்கல. பூ வீணாப் போகுது" என்றாள். பிளாங்கா கை தூக்கினாள். அந்தக் கூடத்திலேயே வேகமான கை அவளுடையது.

எடில்மா என் மேஜைப் பக்கமாக நடந்துகொண்டே, "எனக்கு ஆளும் அவதான் அனுப்பணுமா" என்று பல்லைக் கடித்தாள். பிளாங்கா எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் குறை சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் பிளாங்காவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறதாம். வேலை முடித்துவிட்டுப் போ என்பதுதான் எடில்மாவின் வழக்கம். அன்று பிளாங்காவையே கேட்டாள்.

"சொய்லாவா இருந்தா விட்டிருப்பா, இல்ல?"

"விட்டிருப்பாங்க, டோன்யா எடில்மா" என்றாள் பிளாங்கா, மரியாதை விடாமல்.

"வேற என்ன செய்வா?"

"என் மேஜையில அவங்களே நின்னிருப்பாங்க."

"அப்ப போ" என்று எடில்மா பிளாங்காவின் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அவள் பூக்கட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தண்டுகள் அவள் கையில் தானாக வந்து அடுக்காய் அமர்ந்தன. ஓர் இதழ் கசங்கவில்லை. இதெல்லாம் உங்களுக்கு வருமா என்று கார்மித்தா சீண்டினாள். "அந்த மகராசிக்கே நான்தான்டி கத்துக்கொடுத்தேன்" என்றாள் எடில்மா. எங்கள் வரிசை முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கார்மித்தா பலகையைப் பற்றிச் சொல்ல, எடில்மா அதைக் காலாலேயே நகர்த்தித் தள்ளினாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள் கார்மித்தா.

திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று நானும் வேன்காரனிடம் சொல்லியிருந்தேன். போகவில்லை. மறுநாளும் எடில்மா மேஜைக்கு வந்து நிற்பாளா என்று பார்க்கும் ஆசை. நின்றாள். அந்தப் பருவம் முடியும்வரை தினமும் ஏதாவதொரு காலி மேஜையில் நின்றாள். அதற்குப் பிறகு எங்கள் வரிசையிலிருந்து யாரும் போகவில்லை.

பருவம் முடிந்ததும் சொய்லா பிளாங்காவைத் திரும்ப அழைக்க வந்தாள். பிளாங்கா தயங்கித் தயங்கி, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள்.

"உன் இஷ்டம்" என்றாள் சொய்லா. குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மதியம் அவள் தன் பெண்களோடு உட்காரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சோளக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் கண் மட்டும் பிளாங்கா இருந்த மேஜைக்குப் போய்ப் போய் வந்தது.

எடில்மா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சமாதானம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, ஆளை இழந்த அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்போல இருந்தது, அதனால்தான் போனேன் என்றாள்.