சூடு பட்ட படம்

ஃபாக்ஸ் ஆற்றங்கரைக் காகித ஆலையில் மார்லாவுக்கு வேலை. மையே இல்லாமல் அச்சாகிற காகிதம் அங்கே தயாராகிறது. கடை ரசீது, பார்சல் லேபிள், லாட்டரிச் சீட்டு, ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு ஓடுகிற சுருள், எல்லாம் அந்த வகைதான். அதன் பூச்சில் நிறமில்லாத சாயமும் அதைக் கறுக்கவைக்கிற ஒரு அமிலப் பொருளும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சூடு பட்டால் உருகி ஒன்றாகும். அந்த இடம் கறுத்துவிடும். அச்சு இயந்திரம் பொடிப்பொடியான சூட்டுப் புள்ளிகளை வைத்தே எழுத்தும் படமும் போட்டுவிடும். சுருளில் ஒரு துண்டை வெட்டிச் சூடு காட்டி, சரியாகக் கறுக்கிறதா என்று பார்ப்பது மார்லாவின் பொறுப்பு.

அவளும் கணவன் கர்ட்டும் குழந்தைக்காகப் படாத பாடில்லை. ஊசி, மாத்திரை, மில்வாக்கி நகரம் வரை போய்ப் பார்த்த டாக்டர்கள். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்து போனது. தங்கை டெஸ்ஸுக்குப் போன கோடையில்தான் கல்யாணம், அதற்குள் கர்ப்பம். "நாங்க பிளான்கூட பண்ணல மார்லா!" என்று அவள் போனில் சிரித்தாள். "ரொம்ப சந்தோஷம்டி" என்று சொல்லிவிட்டு மார்லா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் முடிந்து எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தார்கள். டெஸ் பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்தாள். பளபளவென்ற சின்னக் காகிதம். நடுவில் அவரை விதை போல ஒரு உருவம்.

அம்மா அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். எதைக் கண்டாலும் சூட்டில் பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேட் செய்யாமல் அவளுக்குத் தூக்கம் வராது. சமையல் குறிப்பு, சர்ச் பாட்டு, செத்துப்போன நாயின் படம், ஒன்றையும் விட்டதில்லை.

"இரு, இதையும் பண்ணி ஃபிரிட்ஜுல ஒட்டிடறேன்" என்று லேமினேட் இயந்திரத்தைப் போட்டாள்.

ஹாம் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த மார்லாவின் கத்தி நின்றது. காகிதத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'அம்மா, வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இந்த வீட்டுல ஒரு குழந்தை வரணும்னு எத்தனை வருஷம் ஏங்கினேன்! கடைசியில என் சின்னவதான் குடுத்தா" என்றாள் அம்மா.

மார்லா வாயை மூடிக்கொண்டாள். வெட்டிய சாண்ட்விச்சையே இன்னொரு முறை வெட்டினாள்.

படம் மறுபக்கம் வந்தபோது முழுக்கக் கரியாய்க் கறுத்திருந்தது. டெஸ் அலறிவிட்டாள். "ஐயோ, நான் என்ன பண்ணினேன்!" என்று அம்மா கையைப் பிசைந்தாள். டெஸ்ஸின் கணவன் பிராக், "ஆஸ்பத்திரில கேட்டா வேற குடுப்பாங்க, அழாதே" என்று அவள் தோளைத் தட்டினான். டெஸ் அவனைக் கவனிக்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"இது நீங்க பண்ற பேப்பர் மாதிரிதானே?"

"ஆமா."

"சூடு பட்டா இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். "பொறாமைடி" என்றாள் மார்லா. அந்த அறையில் யாரும் அதற்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போகும்போது கர்ட், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டெஸ் பேசவே இல்லை. மார்லா அனுப்பிய செய்திகள் பதிலில்லாமல் கிடந்தன. மன்னிப்புக் கேட்கிற ஒவ்வொரு முறையும், அவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

மான் வேட்டை தொடங்கிய வாரம், ஒரு மத்தியானம் ஆலைக்குப் போன் வந்தது.

"மார்லா, ரத்தமா வருது." டெஸ்தான் பேசினாள். "பிராக் காட்டுல இருக்கான், போன் கிடைக்கல. அம்மா பனியில ஓட்ட மாட்டா. நீ வா."

கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள் மார்லா. டெஸ்ஸை ஏற்றிக்கொண்டு, இன்னும் அள்ளித் தள்ளாத பனியில் வண்டியை ஓட்டும்போது, 'இப்போ தெரியும் இவளுக்கு' என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. அதைக் கேட்டு அவளே பயந்தாள். பக்கத்தில் டெஸ் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எவ்வளவு வருது? கட்டியா வருதா?"

"இல்ல. கொஞ்சமாத்தான்."

"எனக்குக் கலைஞ்சப்போ இப்படி இல்ல டெஸ். எனக்கு வேற மாதிரி. கேக்குதா? வேற மாதிரி."

ஸ்கேன் அறையில் நர்ஸ் கருவியை வயிற்றில் நகர்த்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். சட்டென்று குதிரை ஓடுகிற மாதிரி துடிப்பு அறையை நிறைத்தது. "குழந்தை நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ்.

மார்லா சுவரில் சாய்ந்துவிட்டாள். கண்ணீர் வழிந்தது. அதில் எவ்வளவு தங்கைக்காக, எவ்வளவு தனக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

டெஸ் தலையைத் திருப்பினாள். "இன்னும் பொறாமையா இருக்கா?"

"இருக்கு."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு."

"ஆனா இங்கயே நில்லு. போயிடாதே" என்று டெஸ் கையை நீட்டினாள். மார்லா அதைப் பிடித்துக்கொண்டாள். பிராக் வந்து சேரும்வரை விடவில்லை.