வழிந்தோடும் குழாய்

கனமழைக்கு மறுநாள் மட்டும் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. தூறலுக்கு நிரம்பியே நின்றது. விரிசல் ஏதும் இல்லை. தண்ணீர் திறந்துவிடும் குழாயருகே ஊர் ஆட்களைக் காவல் போட்டும் பயனில்லை.

கடற்படையில் இருபத்தாறு ஆண்டுகள் கப்பல்களின் நீர்த்தொட்டிகளைப் பார்த்தவன் நான். டுடுயிலா தீவுக்கு ஆளுநராக வந்ததும் முதலில் வரைந்து கட்டியது இந்தத் தொட்டியைத்தான். ஆகவே பிழை மனிதர்களிடம்தான் என்று முடிவு செய்தேன். "உங்க ஆளுங்கதான் திருட்டுத்தனமா திறந்து விடுறாங்க" என்று சபையில் ஊர்த் தலைவர் தலிவாவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

மறுநாள் காலை அவர் என் வாசல் புல்லில், தலைமேல் பாயைப் போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று எண்ணி, அவரைப் பதவியிலிருந்து நீக்கும் உத்தரவில் கையெழுத்திட்டு, அவரைத் திருப்பி அனுப்பினேன்.

மொழிபெயர்ப்பாளர் பெனி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவர் திறக்கல துரை. ஊர்ல யார் பண்ணியிருந்தாலும் அவமானம் தலைவரோடது. அதுக்குத்தான் உக்காந்தாரு. மன்னிக்கிறவங்க பாயை எடுக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாமே."

அடுத்த கனமழையில் நானே தொட்டியருகே நின்றேன். நீர் விளிம்பைத் தொட்டதும், கீழே புதருக்குள் ஓடை இரைந்தது. மிகுதி நீர் வழிய நான் வைத்த குழாய் அங்கேதான் கொட்டியது. மிதக்கும் இலைகள் அடைக்காதிருக்க, அதன் வாயைத் தொட்டியின் அடியில் வைத்து, உச்சிவரை ஏற்றி, வளைத்து வெளியே இறக்கியிருந்தேன். தூறலில் வளைவைத் தாண்டிச் சிறிதே கசியும். கனமழையிலோ குழாய் முழுதும் நீர் நிறைந்து, இறங்கும் நீர் ஏறும் நீரை இழுத்துக்கொண்டே போகும், தொட்டி வற்றும்வரை.

உத்தரவைக் கிழித்தேன். பெனி வீட்டுப் பாயை வாங்கிச் சீருடையோடு தலிவாவின் வாசலில் போர்த்தி உட்கார்ந்தேன். ஊர் கூடியது.

"கப்பல் தரை தட்டிருச்சுடோய்" என்றது ஒரு பெண்குரல். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

பாயை எடுத்தது தலிவாவின் கை. "என் பதவி கிடக்கட்டும். சபையில என் ஆளுங்களைச் சொன்னீங்களே. இப்ப தப்பு யாரோடது, அதுக்கு என்ன பண்ணணும்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

எழுந்து நின்று சொன்னேன்: "தப்பு நான் போட்ட குழாய்ல. வளைவோட உச்சியில பென்சில் பருமனுக்கு ஒரு ஓட்டை போடணும். தண்ணி அதுக்குக் கீழே இறங்கினதும் காத்து உள்ள புகுந்துடும், இழுக்கிறது நின்னுடும், தொட்டி வத்தாது."