புளியமரத்தில் தொங்கிய வெள்ளைக் கோட்டு

மக்காச்சோளத்தை ரோட்டோரம் காயப் போட்டுவிட்டு மணிவேல் காவலுக்குக் குந்தியிருந்தான். மாடு வாய் வைக்கும், சிமெண்டு லாரிக்காரன் மேலே ஏற்றிவிட்டுப் போவான், அசந்தால் எவனாவது இரண்டு முறம் அள்ளிக்கொண்டு போவான். மணிவேல் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. எடை போடுகிற வியாபாரியை நம்பமாட்டான். மழை வரும் என்று டி.வி. சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பான். டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு மருந்துக் கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவான்.

அரியலூரிலிருந்து வருகிற சாயங்கால பஸ் குன்னம் ரோட்டில் அவன் ஊர்ப் புளியமரத்தடியில் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். பிளஸ் டூ படிக்கும் அவன் மகள் பூங்குழலி மட்டும் இறங்கவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருக்கிற வைரக்கண்ணு, டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "என்ன மாப்ள பஸ்ஸையே மொறைக்கிற? ஒம் பொண்ணு முன்னாடி ஸ்டாப்புலயே எறங்கிடுதாம். ஏரிக்கரையில. கண்டக்டரு சொன்னாரு."

"ஏரிக்கரையிலயா? அங்க ஏது வூடு?"

"அதத்தான் நானும் ரோசன பண்றேன்" என்று வைரக்கண்ணு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு போதாதா? வயசுப்பெண், ஆளில்லாத ஏரிக்கரை. மணிவேலுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

அவன் குந்தியிருந்த இடத்துக்கு மேலே, புளியமரத்தில் ஒரு ஃபிளக்ஸ் தொங்கியது. பத்தாம் வகுப்பில் ஊரிலேயே முதல் மார்க்கு பூங்குழலி. அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கலுக்கு ஊர் இளந்தாரிகள் ஆளுக்கொரு ஃபிளக்ஸ் கட்ட, இவனும் போய் ஒன்று அடித்துவந்தான். மகளின் முகத்தை வெட்டி ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் ஒட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டான் கடைக்காரன். கீழே, 'எங்கள் ஊரின் வருங்கால டாக்டர்'. பொங்கல் போய் மற்றவர்கள் ஃபிளக்ஸ் எல்லாம் இறங்கியது. இவன் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டியது மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது.

மறுநாள் சாயங்காலம் மணிவேல் சோளத்துக்குக் காவலாக மனைவி ஜெயலட்சுமியை உட்காரவைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனான். சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னால் ஒளிந்தான். எவன் வருகிறான் என்று பார்த்துவிடுவது, கையும் களவுமாகப் பிடிப்பது, இரண்டு பேர் காலையும் ஒடிப்பது என்பது திட்டம்.

பஸ் வந்தது. பூங்குழலி இறங்கினாள். கூடவே அவள் சினேகிதி சிந்து. எந்தப் பையனும் வரவில்லை. பூங்குழலி மதகுக் கட்டையில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி குமட்டினாள். கை இரண்டும் நடுங்கியது. சிந்து முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவாடி. உள்ள இழுக்குறதவிட வெளிய விடறது நீளமா இருக்கணும். லீலாவதி டீச்சர் சொன்னாங்கல்ல. விடு... இன்னும் விடு..." என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் தணிந்தது.

"வர்ற பரீட்சைக்கு நான் போவலடி" என்றாள் பூங்குழலி. "பேப்பரத் தொறந்தா அந்த வெள்ளக் கோட்டுதான் தெரியுது. டிரைவரண்ணன் 'டாக்டரம்மா, எறங்குங்க'ங்குறாரு, பஸ்ஸே சிரிக்குது. படிச்சதெல்லாம் அங்கேயே மறந்துபோவுது. நான் நின்னுக்கிறேன். அம்மாகூட பருத்தி எடுக்கப் போறேன்."

"ஒங்கப்பாகிட்ட சொல்லேன்."

"எங்கப்பாவா? காச்சலுன்னு சொன்னாலே தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவாரு. இத எங்கடி தொட்டுப் பாக்குறது?"

மணிவேல் புதரைவிட்டு வெளியே வந்தான். இரண்டு பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"நெஞ்சு வலிக்குதா? அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வலியில்லப்பா. பயம்."

"என்ன பயம்? நான் இருக்கேன்ல?"

"உங்களப் பாத்துதாம்ப்பா பயம்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு. சமாளிக்க வேண்டுமே, சிந்துவிடம் பாய்ந்தான். "மூச்சு விடறதுக்கு ஒரு டீச்சரா? பொறந்ததுலேருந்து வுட்டுக்கிட்டுத்தான இருக்கு?"

"அப்ப ஏன் மாமா நீங்க மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் சிந்து.

அப்போதுதான் தெரிந்தது அவனுக்கு. விட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயலட்சுமி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். "காலையில நாலு மணிக்கு எழுப்புறீங்க. சாயந்தரம் ரிங் பால் ஆடிக்கிட்டிருந்தவள ஆடக்கூடாதுன்னீங்க. சோத்த வாயில வெக்கிறப்ப எத்தன மார்க்குன்னு கேக்குறீங்க. வெத போட்ட அன்னிக்கே சாக்கத் தூக்கிக்கிட்டு அறுக்கப் போற ஆளு நீங்க. வெளங்குமா?"

அதற்கும் அவன் முழுசாக நம்பிவிடவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் லீலாவதி டீச்சரைப் பார்த்தான். "ஏங்க டீச்சர், படிக்க வளையாம நடிக்குதா புள்ள?" என்று நேராகவே கேட்டான். டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. "நடிக்கிறவ உங்க முன்னாடி நடிப்பா. யாருக்கும் தெரியாம ஏரிக்கரையில போயி எதுக்கு வாந்தியெடுக்கணும்?" என்றார். ராத்திரி நன்றாகத் தூங்கட்டும், சாயங்காலம் ஆடட்டும், மலை மாதிரி கிடக்கிற பாடத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் படிக்கட்டும், மனசு அடைத்தால் வாய்விட்டுச் சொல்லட்டும், அதற்கும் அடங்கவில்லையென்றால் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். இதில் செலவு வைக்கிற காரியம் ஒன்றும் இல்லையே என்பதுதான் மணிவேலை ஓரளவு நம்பவைத்தது.

ஊருக்கு வந்து இறங்கியதும் கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறினான். பட்டப்பகல். டீக்கடையில் பத்துப் பேர்.

"என்ன மாப்ள, டாக்டர வேலையவுட்டு எடுத்துட்டாங்களா?" என்று வைரக்கண்ணு கத்த, கடையே சிரித்தது.

கீழே இறங்கிவிடலாமா என்றுதான் மணிவேலுக்கு இருந்தது. நாளைக்கு ஊர் என்ன பேசும் என்பது அவனுக்குத் தெரியாதா? பெண் பெயில் என்று பேசும், ஓடிப்போனாள் என்றுகூடப் பேசும். ஆனாலும் கம்பியை வெட்டினான். "நாந்தான்யா எடுத்தேன். எதுவா ஆவணும்னு அது படிச்சிட்டுச் சொல்லட்டும். நீ டீயப் போடு."

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பூங்குழலிக்கு இன்னும் சில நாள் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் உட்கார்ந்து, மெதுவாக மூச்சை விட்டு, அடங்கியதும் எழுந்து போகப் பழகிக்கொண்டாள். பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, முடித்ததை அம்மாவிடம் சொல்லிக்காட்டினாள். சாயங்காலம் சிந்துவோடு ரிங் பால் ஆடினாள். விடிகாலையில் மணிவேலுக்குத்தான் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்தது. எழுப்பக் கை பரபரக்கும். எழுந்து மாட்டுக்குச் சோளத்தட்டை போடப் போய்விடுவான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "இயற்பியல்ல கொறஞ்சிபோச்சுப்பா. இன்னும் வரமாட்டேங்குது."

மணிவேலுக்கு நாக்கு நுனியில் ஒரு வசவு வந்து நின்றது. அதைச் சோற்றோடு விழுங்கினான். "எது வரலியோ டீச்சர்கிட்ட கேட்டுக்க. கொழம்பு ஊத்திக்க." அவ்வளவுதான். பூங்குழலி அப்பனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பொதுத்தேர்வு அன்றைக்கு அரியலூருக்குக் கூடவே போனான். வாசலில் அவள் கண்ணை மூடி, நிதானமாக மூச்சை விட்டாள். "போயிட்டு வரேம்ப்பா" என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். கை நடுங்குகிறதா என்று மணிவேல் பார்த்தான். கொஞ்சம் நடுங்கியது. இருந்தாலும் போனாள்.

பக்கத்தில் ஒரு ஆள் தன் மகளை விரட்டிக்கொண்டிருந்தார். "பயமாம் பயம்! சாக்கு சொல்லாத. மார்க்கு கொறஞ்சா வூட்டு வாசப்படி மிதிக்காத." அந்தப் பெண் முகம் வெளுத்து நின்றது.

மணிவேல் கூச்சநாச்சம் பார்க்கிற ஆளா? நேரே போய் அந்த ஆளின் தோளைத் தொட்டான்.

"ஐயா, நான் எவனையும் லேசுல நம்பாத பய. அதனால எம் பொண்ணு படிப்பையே வுட்டுட்டு ஓடப் பாத்துச்சு. நம்ம ஆசைய நாமதான் சொமக்கணும், புள்ள தலையில ஏத்தக்கூடாது. பயமா இருக்குன்னு புள்ள சொன்னா மொதல்ல நம்புங்க. மத்த வைத்தியமெல்லாம் அதுக்கப்புறம்தான்."